தம்பிக்கு, பணம் வந்து சேர்ந்த விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கிருந்து யூரோவில் அனுப்பிய பணம் புதன்கிழமை காலையில் வந்துவிட்டது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது போனில் மெசேஜ் சத்தம். உன் அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நீ சொன்ன கணக்குக்கு 2,140 ரூபாய் குறைச்சல். "அங்கேயே எவனோ எடுத்துட்டான்" என்று ஆரம்பித்துவிட்டார். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் பஸ் ஏறி டவுனில் இருக்கிற பெரிய கிளைக்கே போனேன். வெளிநாட்டுப் பணம் பார்க்கிற மேடம் பொறுமையாகச் சொன்னார். ஸ்விஃப்ட் என்கிறார்களே, அதில் பணம் போவதில்லையாம். 1973-ல் பெல்ஜியத்தில் ஆரம்பித்த அமைப்பு, ஒரு வங்கியின் சேதியை இன்னொரு வங்கிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. பணம் நகர்வதெல்லாம் வங்கிகள் ஒன்றிடம் ஒன்று வைத்திருக்கும் கணக்கில், இங்கே கழித்து அங்கே கூட்டி. இரண்டு வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் மூன்றாவது ஒன்று வரும். எனக்கு உடனே நம்ம வீட்டுச் செய்முறை நோட்டுதான் ஞாபகம் வந்தது. உசிலம்பட்டியில் விசேஷம், நாம் போக முடியவில்லை என்றால் போகிறவரிடம் கொடுத்துவிடுவோம் இல்லையா? அவர் பஸ் காசைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மொய் எழுதினால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்திருக்கிறது.

நீ படிவத்தில் எஸ்.எச்.ஏ. என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். உன் வங்கிச் செலவு உனக்கு, வழிச்செலவும் இங்கத்திச் செலவும் எனக்கு என்று அர்த்தமாம். ஓ.யு.ஆர். என்றால் எல்லாம் உன் தலையில், பி.இ.என். என்றால் எல்லாம் என் தலையில். எதைப் போட்டாலும் நம்ம வீட்டுக் காசுதான், அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் ரேட்டைப் பார். "கட்டணமே இல்லை" என்று விளம்பரம் செய்கிறவர்களும் யூரோவுக்கு ரூபாய் போடும்போது கொஞ்சம் குறைத்துப் போட்டுவிடுவார்கள். கையில் எத்தனை ரூபாய் சேரும் என்று மட்டும் கேள். அப்புறம், மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பாதே. ஒவ்வொரு தடவையும் வழிச்செலவு. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

போன மாசம் நீ "ஐபான் நம்பர் என்னம்மா" என்று கேட்டதும் நான் நம்ம கிளையில் போய் வரிசையில் நின்று ஐபான் கேட்டேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அது கணக்கை அடையாளம் காட்டுகிற நீள எண், உங்கள் ஐரோப்பா பக்கத்து வழக்கம், இந்தியாவில் கிடையாதாம். கணக்கு எண், பாஸ் புத்தகத்தில் உள்ளபடி பெயர், வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடு, கிளையைக் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி., இவ்வளவுதான். நம்ம கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு இல்லை, டவுன் கிளையுடையதைப் போடச் சொன்னார்கள். ஐ.எஃப்.எஸ்.சி.யில் பதினோரு இடம், ஐந்தாவது பூஜ்யம். அதை ஓ என்று அடித்துவிடாதே. காரணம் கேட்டால் குடும்பச் செலவுக்கு என்று எழுது, இங்கே அதற்கான குறியீடு பி 1301 என்று பதிந்துகொள்கிறார்கள்.

எண் விஷயத்தில் நான் பட்டது உனக்குத் தெரியாது. நீ கிளம்பிய வருஷம் மாடி வேலைக்குக் கம்பி, சிமெண்ட் வாங்கிய கடைக்கு 38,000 ரூபாய் நெஃப்ட் போட்டேன். சலானில் என் 1 அவர்களுக்கு 7 ஆகத் தெரிந்திருக்கிறது. கவுண்டரிலும் யாரும் கவனிக்கவில்லை. பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதே இல்லையாம், எண்ணை மட்டும் பார்த்துப் பணம் யாரோ ஒருவருக்குப் போய்விட்டது. கடைக்காரர் தினமும் போன். பணம் போய்ச் சேர்ந்த மனிதர் நல்லவர், சம்மதித்து எழுதிக் கொடுத்ததால் பத்தொன்பது நாளில் திரும்பி வந்தது. அவர் மாட்டேன் என்றிருந்தால்? 2025 ஏப்ரலிலிருந்து நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். போடும் முன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் வசதி வந்திருக்கிறது. நீ வெளிநாட்டிலிருந்து அனுப்புவதற்கு அது உதவாது. எண்ணை இரண்டு தடவை பார்.

உன் சித்தப்பா வேறு யோசனை சொல்கிறார். அங்கே ஒருவரிடம் யூரோவைக் கொடுத்தால் இங்கே ஒருத்தன் பைக்கில் வந்து ரூபாயாக எண்ணிக் கொடுப்பானாம், ரேட்டும் கூடவாம். அந்த உண்டியல் வேலையே நமக்கு வேண்டாம். அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். பைக் வராவிட்டால் எந்த ஸ்டேஷனில் போய் என்னவென்று சொல்வது?

இன்னொன்று. இங்கே இருக்கிற உன் பழைய சேமிப்புக் கணக்கை இன்னும் அப்படியே வைத்திருக்கிறாய். வேலைக்கென்று வெளிநாட்டில் இருக்கிறவர் அதை என்.ஆர்.ஓ. என்கிற வெளிநாட்டில் வசிப்பவர் கணக்காக மாற்றியே ஆக வேண்டும் என்று மேடம் சொன்னார். உனக்கென்று சேர்ப்பதற்கு, அங்கே சம்பாதிப்பதை இங்கே போட்டுவைக்கிற என்.ஆர்.இ. கணக்கு ஒன்று திற. அதில் வரும் வட்டிக்கு இங்கே வரி இல்லை, வேண்டும்போது அங்கேயே திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எனக்கு நீ அனுப்புவதற்கும் வரி கிடையாது, பிள்ளை கொடுப்பதுதானே. நான் அதை டெபாசிட்டில் போட்டால் வரும் வட்டி மட்டும் என் வருமானக் கணக்கில் சேரும்.

நீ போகும்போது விசாவுக்காக உன் பேரில் அங்கே ஒரு கணக்கில் முடக்கி வைக்கக் கேட்டார்களே 11,904 யூரோ, அதற்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிற ஏ2 படிவத்தில் என் கையெழுத்து பான் கார்டு போல இல்லை என்று மூன்று தடவை போட வைத்தார்கள். ஒரு ஆள் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்று வங்கி அதிகாரி விதியை வாசித்தபோது உன் அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இடுப்பில் நகைக்கடன் ரசீதைச் செருகிக்கொண்டு. இப்போது வந்த பணத்தில் வளையல் இரண்டையும் மீட்டுவிட்டேன். சங்கிலி இருக்கட்டும், அவசரமில்லை.

அடுத்த தடவை அனுப்பியதும் யு.இ.டி.ஆர். என்று ஒரு நீள எண் வரும், 36 எழுத்து. அதை வாட்ஸாப்பில் போடு. பணம் எங்கே நிற்கிறது என்று அதை வைத்துத்தான் தேடுவார்களாம்.

ஆவணியில் பெரியம்மா பேத்திக்குக் காது குத்து. உன் பேரில் 2,001 எழுதச் சொல்லிவிட்டேன். அதற்கென்று தனியாக அனுப்பிவிடாதே, வழிச்செலவு மொய்யைத் தாண்டிவிடும்.

அன்புடன்,
அம்மா
திருப்பரங்குன்றம்