கெட்ட செய்தி சொல்பவரைக் காப்பாற்றுங்கள்: நிறுவனத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத் தலைவர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

நல்ல பணிச்சூழல் வேண்டும் என்ற அக்கறையில் நிறுவனத்தின் விழுமியங்களைச் சுவரில் எழுதி வைக்கிறீர்கள். ஆண்டுதோறும் ஊழியர்களிடம் கருத்துக் கேட்கிறீர்கள். மேலாளர்களைப் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள். இவை எல்லாம் தேவைதான். ஆனால், வேலை சரியாகப் போகவில்லை என்று ஓர் ஊழியர் வந்து சொல்லும்போது, அடுத்த ஒரு நிமிடத்தில் அவருடைய மேலாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்தே அந்த நிறுவனத்தின் பண்பாட்டை ஊழியர்கள் எடைபோடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன்.

வாராந்திரக் கூட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். திரையில் இருக்கும் அட்டவணையில் எல்லாக் கட்டங்களும் பச்சையாக, அதாவது வேலைகள் எல்லாம் திட்டப்படி நடப்பதாகக் காட்டுகின்றன. பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒருவர், சோதனையில் இன்னும் பிழைகள் வந்துகொண்டிருப்பதால் ஒப்புக்கொண்ட தேதிக்குள் முடிக்க இயலாது என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார். "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் குரலை உயர்த்துகிறார். கேள்வியில் நியாயம் இருக்கலாம். ஆனால், தலையைக் குனிந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்கள், அடுத்த வாரம் தங்கள் கட்டங்களையும் பச்சையாகவே காட்டுவார்கள். உண்மை நிலவரம் மேலாளருக்கு இனி வாடிக்கையாளரிடமிருந்துதான் தெரியவரும்.

இதன் விலை சில இடங்களில் உயிராகவே இருந்திருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட்ட 73 வினாடிகளில் சிதறி, அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள். கடுங்குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக இயங்காமல் போகலாம் என்று பொறியாளர்கள் முந்தைய இரவே வாதாடியிருந்தார்கள். மேலாளர்கள் அதை மீறி முடிவெடுத்தார்கள். 2003-இல் கொலம்பியா விண்கலமும் 7 பேருடன் அழிந்தபோது, விபத்தை விசாரித்த குழு, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்து இறக்கையைத் தாக்கிய நுரைத் துண்டுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு நாசாவின் நிறுவனப் பண்பாட்டுக்கும் உண்டு என்று எழுதியது. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே குறையா என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருப்பதைக் கண்டார். அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் பிழைகளை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். ஆகவே, பதிவான பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆண்டு மதிப்பீட்டில் மதிப்பெண்ணைக் குறைக்கும் நிறுவனம், நேர்மையாக இருப்பவர்களையே தண்டித்துவிடக்கூடும்.

டொயோட்டா தொழிற்சாலைகளில், குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அருகிலுள்ள கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் அந்த இடத்துக்கே வந்து கைகொடுப்பார். குறித்த நேரத்துக்குள் குறை தீராவிட்டால் உற்பத்தி வரிசை நிற்கும். கயிற்றை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்வது எளிது. இழுத்தவுடன் உதவி வரும் என்ற நம்பிக்கையை மேலாளர்கள்தான் ஒவ்வொரு முறையும் வந்து நின்று உருவாக்க வேண்டும். பெயர் குறிப்பிடாமல் புகார் போடும் பெட்டி அதற்கு ஈடாகாது.

இப்படிச் செய்தால் கண்டிப்பு தளர்ந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். தரத்திலோ காலக்கெடுவிலோ விட்டுக்கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. சிக்கல் தொடக்கத்திலேயே தெரிந்தால்தான் அவற்றைக் காப்பாற்ற வழி இருக்கும். வேண்டுமென்றே விதியை மீறியவரையும், தெரிந்ததை உடனே வந்து சொன்னவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

எனவே, சிக்கலைச் சொல்ல வருபவரிடம் "யார் பொறுப்பு?" என்று தொடங்காமல், "இப்போது உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று தொடங்க உங்கள் மேலாளர்களைப் பழக்குங்கள். வரும் ஆண்டு மதிப்பீட்டில், ஒரு மேலாளர் இலக்கை எட்டினாரா என்று பார்ப்பதோடு, அவருடைய குழுவினர் கெட்ட செய்திகளை எவ்வளவு விரைவாக அவரிடம் கொண்டுவந்தார்கள், அப்படிக் கொண்டுவந்தவர்கள் பிறகு எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையும் குழுவினரிடமே கேட்டு, பதவி உயர்வு முடிவுகளில் அந்தப் பதிலுக்கும் உரிய இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழுக்களில் பணியாற்றிவரும் ஓர் ஊழியர்