கோலங்கைமா இன்னும் சாகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இளந்தண்டைத் தாங்கி நிற்கும் தாவரத் திசுவான கோலங்கைமாவைப் பற்றி, சென்ற வார மாணவர் இணைப்பிதழில் 'கோலங்கைமா இறந்த செல்களால் ஆன திசு' என்று ஒரு வரி. முதிர்ந்த பிறகும் உயிரோடு இருப்பது அது. செத்துப்போவது ஸ்கிளிரங்கைமா என்ற கெட்டியான தாங்கு திசு, செல்சுவரில் லிக்னின் என்ற கடினப் பொருள் படிந்து, உள்ளே ஒன்றும் மிஞ்சாது. தங்களுக்குத் தெரியாததல்ல. பிறகு எப்படி அச்சேறியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

31 ஆண்டுகள் ஆய்வகத்தில் பிளேடும் கையுமாக நின்றவன் நான். சூரியகாந்தித் தண்டை மெல்லிசாகச் சீவி, லிக்னினைச் சிவப்பாக்கும் சாஃப்ரனின் சாயத்தைச் சொட்டுவிட்டுக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். நீரும் உணவும் கடத்தும் வாஸ்குலார் கற்றையின் தலையில் ஸ்கிளிரங்கைமா நார்கள் அடர்சிவப்பாக நிற்கும். புறத்தோலுக்கு அடியிலுள்ள கோலங்கைமா அப்படிச் சிவக்காது. செல்கள் கூடும் மூலைகளில் மட்டும் சுவர் தடித்திருக்கும். அங்கே லிக்னின் கிடையாது, செல்லுலோசும் பெக்டினும்தான். அதனால்தான் இளந்தண்டு காற்றில் வளைகிறது, ஒடிவதில்லை.

இது முதல் தடவையும் அல்ல. முன்பு பருத்தியை ஸ்கிளிரங்கைமா நார் என்றீர்கள். சணல்தான் அந்த வகை, பருத்தி விதையுறையின் மேல்தோல் செல் நீண்டு வளர்ந்த மயிர் என்று எழுதினேன். பதில் இல்லை. சரி, இடமில்லை போலும். ராசிபலனுக்கு அரைப்பக்கம் இருந்தது. அப்புறம், பேரிக்காயில் நறநறக்கும் கல்செல்லின் (அதுவும் ஸ்கிளிரங்கைமாதான்) படத்துக்குக் கீழே, மெல்லிய சுவருள்ள திசுவான 'பாரங்கைமா'வின் பெயர். ஒரு பேரிக்காயைக் கடித்திருந்தால் பல்லே திருத்தியிருக்கும்! எளிய திசு என்றால் 'கீழ்நிலைத் தாவரங்களில் காணப்படுவது' என்றும் ஒரு விளக்கம் வந்தது. ஒரே வகைச் செல்களால் ஆனதால் அது எளிய திசு. பலவகைச் செல்கள் சேர்ந்த, நீர் கடத்தும் சைலமும் உணவு கடத்தும் ஃபுளோயமும் கூட்டுத் திசு. இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பாரங்கைமாவுக்குத் தாங்கள் கொடுத்தது 'இடத்தை நிரப்பும் திசு' என்ற மூன்று சொற்கள். இலையில் ஒளிச்சேர்க்கை செய்வதும், கிழங்கில் மாவுப்பொருளைச் சேர்த்து வைப்பதும், நீர்த்தாவரத்தைக் காற்றறைகளால் மிதக்கவிடுவதும் அதுதான். பாவம், அதற்காகப் பரிந்து பேச ஆளில்லை.

திங்களன்று என் பேத்தி தங்கள் வரியை அப்படியே வகுப்புத் தேர்வில் எழுதி ஒரு மதிப்பெண்ணை இழந்தாள். "பேப்பரில் போட்டிருந்ததே தாத்தா" என்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானா?

அடுத்த இதழில் 'கோலங்கைமா உயிருள்ளது' என்று ஒரு திருத்தம் போடுங்கள். ஏதாவது ஒரு மூலை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்