முதல் பந்தை எடுக்கக் கற்றுக்கொடுத்தவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி வாலிபால் செய்திகளில் ஸ்மாஷ் அடித்தவர் பெயர் வருகிறது, பயிற்சியாளரைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தர்மபுரியில் நான் படித்தபோது எங்கள் சார் முதல் இரண்டு மாதம் யாரையும் வலைப்பக்கமே விடவில்லை. சர்வீஸை ஒழுங்காக எடு, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் கைக்குக் கொடு, அப்புறம் அடிக்கலாம் என்பார். பெண்களுக்கு வலை உயரம் 2.24 மீட்டர், நான் குள்ளம், எட்டாது என்று ஒதுங்கி நின்றவளை லிபரோ ஆக்கினார். சர்வதேச ஆட்டத்தில் 1998-ல் வந்த பொறுப்பு அது, வேறு நிறச் சட்டை போட்டுப் பின்வரிசையில் நின்று எதிரணி அடிப்பதையெல்லாம் எடுக்க வேண்டும். அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

தோற்ற அன்று திட்டமாட்டார். மறுநாள் தவறிய அதே பந்தைத் திரும்பத் திரும்பப் போடுவார். பென்னாகரம், அரூர் பக்கத்துப் பெண்களை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப வீட்டில் தயங்கினால் நேரில் போய் அப்பா அம்மாவிடம் பேசுவார், அப்படித்தான் நானும் போனேன்.

அவர் ஓய்வு பெற்ற பின் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. வரும் கல்வியாண்டுக்குள் முழுநேரப் பயிற்சியாளர் ஒருவரை நியமிக்க வேண்டும்.

- முன்னாள் மாணவி, பென்னாகரம்