மணலைக் காட்டி வாரண்டியை மறுப்பது பற்றிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்
பொருள்: விஸ்கஸ் கப்ளிங் பழுது, வாரண்டி மறுப்பு

ஐயா, வணக்கம்.

ஏர்வாடியில் மீன் வியாபாரம் செய்கிறேன். வாலிநோக்கம் கரையில் ஏலம் எடுக்கும் மீனை ஐஸ் பெட்டியோடு ஏற்றிவர மணல் பாதைக்குத் தோதாக இருக்கும் என்றுதான் உங்கள் சின்ன ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கினேன். இப்போது தார் ரோட்டில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால், பிரேக் பிடித்த மாதிரி வண்டி இழுக்கிறது, டயர் கத்துகிறது. முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங் இறுகிவிட்டது என்று உங்கள் சர்வீஸ் சென்டரே எழுதித் தந்தது. கடற்கரை மணலில் ஓட்டியதால் வாரண்டி இல்லை என்றும் அதே தாளில் இருக்கிறது. உங்கள் விளம்பரத்தில் வண்டி எங்கே பாய்கிறதாம்?

அந்த கப்ளிங் சீல் வைத்த ஓர் உருளை. உள்ளே ஓட்டை போட்ட தகடுகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்று முன்பக்கத்தோடும் பின்பக்கத்தோடும் சேர்ந்து சுற்றும். இடையில் கெட்டியான சிலிக்கோன் திரவம். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை அதற்குப் பெரிய வேலை இல்லை. முன்சக்கரம் மணலில் வழுக்கினால் வேகம் மாறுபடும், திரவம் உரசிச் சூடேறி விரியும், பின்சக்கரத்துக்கும் இழுவை போகும். வழுக்கிய பிறகுதான் வேலை செய்யும் என்பதால் சக்கரம் கொஞ்சம் புதைந்துதான் எழும்பும். அதை நான் குறை சொல்லவில்லை.

ஜாப் கார்டைப் பாருங்கள். போன சர்வீஸில் முன்டயர் இரண்டை மட்டும் புதிதாகப் போட்டார்கள். பின்டயரில் இன்னும் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடு, இருக்கிறது என்றார்கள். பட்டன் உயரம் 5 மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டால் டயரின் சுற்றளவு சுமார் 3 சென்டிமீட்டர் மாறும். அப்புறம் நேர் ரோட்டில் போனாலும் முன்பின் வேகம் ஒத்துப்போகாது. மணலில் கப்ளிங் சூடாவது கொஞ்ச நேரம்தான். ராமநாதபுரம் போய்வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ வழி முழுக்க உரசல். ஓயாத சூட்டில் திரவம் கெட்டு இறுகும். இதற்கு மேல், நீங்கள் அனுப்பிய மீட்பு வண்டி முன்பக்கத்தை மட்டும் தூக்கி, பின்சக்கரம் ரோட்டில் உருள இழுத்துப் போனது. நாலு சக்கரமும் தரையில் படக்கூடாது என்று உங்கள் கையேடே சொல்கிறது.

ஆகவே கப்ளிங்கைச் செலவில்லாமல் மாற்றி, பின்டயர் இரண்டையும் முன்டயருக்குச் சமமாகப் போட்டுத் தரவும். மறுப்பதானால், டயர் மாற்றியதைப் பற்றிய உங்கள் விளக்கத்தை எழுத்தில் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கும் மனுவோடு அதையும் இணைக்கிறேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர், ஏர்வாடி
இணைப்பு: ஜாப் கார்டு, மறுப்புக் கடித நகல்கள்