காத்மாண்டு கோயில் யாத்திரை: துணைநின்ற எல்லோருக்கும் நன்றி

கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம்.

பெரியோர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

நேபாள யாத்திரை நல்லபடியாக முடிந்தது. யார் பெயரையும் போடாமல், செய்த உதவியை மட்டும் விவரமாக எழுதுகிறோம். அடுத்துப் புறப்படும் குழுவுக்கும் அது கைகொடுக்கும்.

முதல் நன்றி, பாலக்காடு ஜங்ஷன் முன்பதிவுக் கவுன்டரில் இருந்த அம்மாவுக்கு. நேபாள எல்லைப் பக்கம் உள்ள கோரக்பூருக்குப் போகும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் நம்மூர் வழியாகவே போகிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான் அது செல்லும். ஆறு பேரை ஒரே படிவத்தில் எழுதினால் மூட்டுவலிக்காரருக்கும் மேல் பெர்த் விழும். இரண்டிரண்டு பேராகப் பிரித்து எழுதச் சொன்னது அவர்தான்.

அக்ஷயா மையத்துத் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) தம்பிகள் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். நேபாளம் போக விசா வேண்டாம், ஆனால் ஆதார் மட்டும் போதாது. 15 வயதுக்கு மேல் 65 வயது வரை உள்ளவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ அசலாகக் கொண்டுபோக வேண்டும். நகலை நம்பிக் கிளம்பக் கூடாது.

சுனௌலி எல்லையில் பணம் மாற்ற உதவியவர்களுக்கும் நன்றி. நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 ரூபாய். விலை சொல்லும்போது 'ஐசியா, என்சியா' என்று கேட்டுக்கொள்ள வேண்டும்; ஐசி என்றால் இந்தியப் பணம், என்சி என்றால் நேபாளப் பணம். கேட்காமல் கொடுத்தால் ஒன்றரைப் பங்குக்கு மேல் போய்விடும். சில்லறைச் செலவுக்கு 100 ரூபாய் நோட்டுகளே சௌகரியம்.

பெரிய நன்றி காத்மாண்டு வேன் ஓட்டுநர்களுக்கு. அந்த நகரத்தில் ஒரே பெரிய பஸ்ஸில் சுற்றலாம் என்பது இங்கே உட்கார்ந்து போடுகிற கணக்கு. பழைய நகரின் சந்துகளில் அது நுழையாது, நுழைந்தாலும் திரும்பாது. இரண்டு ஹையேஸ் வேன்தான் சரி. அலுவலகம் போகிற நேரம் என்பதால், காலை 9 மணியானால் மோட்டார் பைக்கும் மைக்ரோ பஸ்ஸும் தண்ணீர் லாரியும் ஒன்றாகச் சேர்ந்து சாலையை அடைத்துவிடும். இத்தனை நெரிசலிலும் ஹாரன் சத்தம் குறைவு, 2017 முதல் தேவையில்லாமல் அடிக்கத் தடை. நம் பஸ் ஸ்டாண்டுகளுக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தால் தேவலை.

கோயில்களின் வரிசையை மாற்றியவர்களும் அந்த ஓட்டுநர்களே. பசுபதிநாதருக்கு விடியற்காலை. சனிக்கிழமை அங்கே விடுமுறை, திங்கள் சிவனுக்கு உகந்த நாள். இரண்டு நாளும் வரிசை நீளும். பெல்ட், பர்ஸ் என்று தோல் சாமான் எதுவும் உள்ளே ஆகாது. வேனிலேயே வைத்துவிட்டால் நேரம் மிச்சம். மேற்கு வாசலில் பெரிய நந்தி. அதைத் தாண்டி நான்முக லிங்கம். பாக்மதிப் படித்துறையில் தகனம் நடந்துகொண்டே இருக்கும், அங்கே செல்போனை நீட்டாதீர்கள்.

அதே கையோடு கிழக்கே சாங்கு நாராயணர் மலை, பிறகு பக்தபூர். இந்தச் சாங்கு நாராயணரைப் பல பயணத் திட்டங்களில் விட்டுவிடுகிறார்கள். எங்கள் கணக்கில் காத்மாண்டு பள்ளத்தாக்கிலேயே பார்க்க வேண்டிய இடம் அதுதான். கி.பி. 464ஆம் ஆண்டு மானதேவ மன்னனின் கல்வெட்டுத் தூண் அங்கே நிற்கிறது. முற்றத்தில் உலகளந்த பெருமாள் சிலை, தூக்கிய காலும் விரிந்த கைகளுமாக ஒரே கல்லில். வண்டி நிற்குமிடத்திலிருந்து படி ஏற வேண்டும், ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். பக்தபூரில் இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் குறைவு. அட்டையைக் காட்ட வேண்டும். 1702இல் கட்டிய ஐந்தடுக்கு நியாதபோலா கோயில் 2015 பூகம்பத்திலும் நின்றது. வடக்கே புடாநீல்கண்டத்தில் குளத்துக்குள் பள்ளிகொண்ட கருங்கல் பெருமாளுக்கு இன்னொரு காலையை ஒதுக்குங்கள். அந்தச் சாலை வேறு திசை.

மழைக்காலத்தில், எல்லையிலிருந்து காத்மாண்டு போகும் வழியில் உள்ள நாராயண்காட், முக்லிங் மலைச்சாலையில் மண் சரியும். தசைன் (நேபாளத்துத் தசரா) பண்டிகையில் ஓட்டுநர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அது கழிந்த பிறகு, நவம்பர் வாகாக இருக்கும்.

சமையல்கார அண்ணனுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். காத்மாண்டு 1,400 மீட்டர் உயரம்; தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. அரிசிம்பருப்பு சாதத்துக்குப் பருப்பை முன்னதாக ஊறவைத்து, குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட்டார். குளிரில் மாவு புளிக்காது என்று இட்லியைத் தொடவே இல்லை, ரவை உப்புமாவும் புளிக்காய்ச்சலும்தான். குடிக்க 20 லிட்டர் ஜார் தண்ணீர். குழாய்த் தண்ணீர் வாய் கொப்பளிக்கக்கூட வேண்டாம் என்றார்.

கடைசியாக, மாடுகளுக்குத் தண்ணி காட்டி, இருவேளையும் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிய அக்கம்பக்கத்தாருக்கு நன்றி. இரவல் தந்த ஸ்வெட்டர்களும் இரண்டு பெரிய குக்கர்களும் கழுவித் துவைத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வைத்திருக்கிறோம். பெயர் ஒட்டியிருக்கிறது, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
யாத்திரைக் குழுவினர்