எங்கள் படகின் நங்கூரக் கயிற்றைப் பார்த்துக்கொண்ட பெரியவருக்கும், அன்று கரையில் இருந்த எல்லோருக்கும்

அன்று அந்தக் கரையில் கூடாரம் போட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மகள் நன்றாக இருக்கிறாள். நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அண்ணனோடு சண்டை போடுகிறாள். இருமல் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மருத்துவர் பார்த்துவிட்டார், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

மகள் நீரில் கிடந்ததையும், படகு எங்கள் கையைவிட்டுப் போனதையும் திரும்ப எழுதப் போவதில்லை. பார்த்தவர்கள் நீங்கள், எங்களைவிடத் தெளிவாகவே பார்த்திருப்பீர்கள். அந்த மதியத்தில் பாதி எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரேடியோவில் ஆபத்துக்கு உதவி கேட்கும் 16ஆம் சேனலைப் பிடித்து, நாம் இருந்த இடத்தையும் எத்தனை பேர் என்பதையும் பதறாமல் சொன்னவருக்கு நன்றி. நீரில் ஆள் இருக்கும் இடத்தை நெருங்கியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, துடுப்புப் போட்டு வந்தவருக்கு நன்றி. அந்த அவசரத்திலும் அடியில் சுழலும் விசிறி அவருக்கு நினைவில் இருந்திருக்கிறது. மீட்புப் படகில் வந்தவர்களுக்கும், எங்கள் படகைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து நங்கூரம் போட்டுக் கொடுத்த அந்த இருவருக்கும் நன்றி. அப்புறம், மகளின் ஈரத்துணியைக் கழற்றிவிட்டு, போர்த்துவதற்கு முன்னால் கீழே கனமாக விரித்த அக்காவுக்கு. மேலே எத்தனை போர்த்தினாலும் தரை சூட்டை உறிஞ்சிவிடும் என்றீர்கள். கைகாலைத் தேய்த்துவிட வந்தவர்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அவள் நெஞ்சிலும் அக்குளிலும் வைத்தீர்கள். நீரில் கிடக்கும் உடம்பு காற்றில் இருப்பதைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழக்கும் என்று வீட்டுக்கு வந்த பிறகு படித்தேன். அதை அப்போதே தெரிந்தவர் ஒருவர் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தது எங்கள் நல்ல காலம்.

உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதுவேன். ஆனால் இந்த மடலில் பெரும்பகுதி ஒருவருக்குத்தான். பச்சைக் கூடாரத்துப் பெரியவரே, நீங்கள் இதைப் படிப்பீர்களா என்றுகூடத் தெரியாது. உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது படித்துக் காட்டட்டும்.

மீட்புக்காரர்கள் மகளைச் சோதித்துவிட்டு, இருட்டில் கிளம்பாமல் அங்கேயே தங்கிக் காலையில் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் கூடாரத்துக்குப் போனீர்கள். அதுவரைக்கும் ஆள்கள் சுற்றி இருந்தார்கள், செய்ய ஏதாவது வேலை இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. என் கணவர் மகளை அணைத்துக்கொண்டு படுத்திருந்தார். மகன் மட்டும் உள்ளே வரவே இல்லை. நீரோரத்தில் நின்றுகொண்டு டார்ச்சை அடிப்பதும் அணைப்பதுமாக இருந்தான். நீரோரம் முழுக்கக் கல் என்பதால் படகை ஏற்றி வைக்க வழியில்லை, சற்றுத் தள்ளி நங்கூரத்தில்தான் நின்றது. அது மறுபடி போய்விடும் என்று அவனுக்குப் பயம். கூப்பிட்டால், "நீங்க தூங்குங்கம்மா" என்றான். பதினொரு வயதுப் பையன்.

மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு எங்களிடம் அதைக் கேட்காத ஒரே ஆள் நீங்கள்தான்.

"டார்ச்சை அணை தம்பி. வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா கண்ணு இருட்டுக்குப் பழகாது. அரை மணி நேரமாவது விடணும்."

அணைத்தான். துடுப்பு ஒன்றை மணலில் நட்டீர்கள். அதற்கு நேர் பின்னால் நாற்காலியைப் போட்டு அவனை உட்காரவைத்து, துடுப்பின் நுனியோடு படகின் வெள்ளை விளக்கையும் அதற்குப் பின்னால் எதிர்க்கரையில் எரியும் விளக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னீர்கள். படகு விளக்கு மெல்ல இடப்பக்கம் போனது. "போகுது, போகுது" என்று எழுந்துவிட்டான். தோளில் கைவைத்து உட்காரவைத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்து துடுப்பைத் தாண்டி வலப்பக்கம் போனது.

"ஆடுறது வேற, நகர்றது வேற. நங்கூரம் கீழ பிடிச்சிருக்கு, கயிறு நீளமா இருக்கு. காத்துக்கும் நீரோட்டத்துக்கும் ஏத்த மாதிரி படகு ஆடத்தான் செய்யும். போனது திரும்பி வருதான்னு மட்டும் பாரு. போய்க்கிட்டே இருந்தாத்தான் நங்கூரம் இழுபடுதுன்னு அர்த்தம்."

அதோடு விடவில்லை. அவனைக் கணக்குப் போடவைத்தீர்கள். கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நீர் வற்றியிருக்கிறது, படகுக்கு அடியில் ஆழம் 2 மீட்டர். வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நடுராத்திரி தாண்டி இன்னும் 2 மீட்டர் ஏறும். கயிறு கட்டியிருக்கும் அணியம், அதாவது படகின் முன்முனை, நீர் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர். ஆக மொத்தம்?

"அஞ்சு."

"அதுக்கு அஞ்சு மடங்காவது கயிறு விடணும். காத்து பலமா இருந்தா ஏழு."

"இருபத்தஞ்சு. இல்லன்னா முப்பத்தஞ்சு."

"போட்டவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். முப்பத்தஞ்சு விட்டிருக்காங்க. அது சுத்துற வட்டத்துக்குள்ள பாறை இல்ல, வேற படகும் இல்ல. போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

வந்து படுத்தான். படுத்ததும் தூங்கிவிட்டான்.

நான்தான் தூங்கவில்லை. நடுவில் எழுந்து வெளியே வந்தபோது படகு எதிர்த்திசைக்கு முகம் திருப்பி நின்றிருந்தது. பகீரென்றது. நான் வாய் திறப்பதற்குள், "நீர் திரும்பிருச்சும்மா, அதான் படகும் திரும்பிருக்கு" என்றீர்கள். நீங்கள் போய்ப் படுங்கள் ஐயா, இனி நான் உட்காருகிறேன் என்றேன். "நீங்க பிள்ளையைப் பாருங்க. கயிறு என் பாடு."

அந்த ஒரு வாக்கியத்தை வீட்டுக்கு வந்தும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். படகு போனால் போகட்டும் என்கிற நிலையில்தான் நாங்கள் இருந்தோம். நங்கூரம் பிடித்திருக்கிறது என்பது உங்களுக்கும் மாலையிலேயே தெரியும், ஒரு தூக்கம் போட்டுவிட்டு எட்டிப் பார்த்திருந்தாலே போதும். என் பையன் தூங்க வேண்டும் என்பதற்காக உட்கார்ந்திருந்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நீருக்குள் குதித்துத் தூக்குவதற்குத் தைரியம் வேண்டும், அதைச் செய்தவர்களுக்கு நாங்கள் வாழ்நாள் கடன்பட்டவர்கள். ஆனால் எல்லாம் முடிந்து, ஆபத்து இல்லை என்றான பிறகும் விழித்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு ஆள் தேவை என்று எத்தனை பேருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியிருக்காது.

காலையில் மகன் ஓடிவந்து கேட்டான். "நல்லாத்தான் ஆடிச்சு, நகரல" என்று சொல்லிவிட்டு நாற்காலியை மடக்கினீர்கள். நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது உங்கள் கூடாரத்தையும் காணோம், உங்கள் படகையும் காணோம்.

இனிமேலாவது பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் கூட்டிப்போகாதீர்கள் என்று சிலர் சொன்னீர்கள். அக்கறையில் சொன்னதுதான், வருத்தம் இல்லை. ஆனால் போவோம். கால்களுக்கு நடுவே வரும் இடுக்குப் பட்டையை இழுத்து மாட்டிய லைஃப் ஜாக்கெட்தான் கழன்று மேலேறாமல் அவள் முகத்தை நீருக்கு மேலே வைத்திருந்தது. அந்தப் பழக்கம் படகில் போய்ப் போய் வந்தது. எங்கே போகிறோம், எந்தக் கரையில் இரவு தங்குவோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதும் தொடரும். உடனே இல்லை. மகளே கேட்கட்டும் என்று விட்டிருக்கிறோம். மகன் இப்போதே ஒன்று சொல்லிவிட்டான்: அடுத்து எந்தக் கரையில் தங்கினாலும், பக்கத்தில் யாராவது கலங்கிப்போய் வந்திருந்தால் அவர்கள் கயிற்றுக்கு நாம் காவல் என்று. சரி என்றிருக்கிறோம். முதல் பாதி இரவு அவன், மீதி நாங்கள் இருவரும்.

கடைசியாக ஒரு விஷயம். அந்தக் குழப்பத்தில் உங்கள் பொருள்கள் சில எங்களோடு வந்துவிட்டன: சிவப்புக் கம்பளிச் சட்டை ஒன்று, தரையில் விரித்த தடித்த பாய் இரண்டு, மூடி நசுங்கிய ஃபிளாஸ்க், நீர் புகாத பை ஒன்று. எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்து வைத்திருக்கிறேன். யாருடையது என்று சொன்னால் அனுப்பிவைக்கிறேன். மணலில் நட்ட துடுப்பும் எங்களிடம்தான் இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன் ஐயா, எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், நாலு பேருமாகக் கொண்டுவந்து தருகிறோம்.