இது நரம்புத் தளர்ச்சி அல்ல, வாசுகி

சாட்ஸ்வொர்த், டர்பன்
புரட்டாசி கடைசி வாரம்

அன்பு மகள் வாசுகிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். போனில் பேசினால் ‘சரி அம்மா, சரி அம்மா’ என்று நீ முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நிதானமாகத்தான் படிப்பாய் என்பதும் எனக்குத் தெரியும்.

தேஷ்னி ஞாயிற்றுக்கிழமை பேசினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். இரவு இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் கொதித்து எழுந்துவிடுகிறாயாம். நைட்டி நனைந்துவிடுகிறதாம். பிள்ளைகளின் பெயர்கள் மறந்துபோகின்றனவாம். பள்ளியில் காலைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டாயாம். சில இரவுகளில் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாயாம். எங்கே போகிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. ஜோகன்னஸ்பர்க் இரவில் ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டும் ஊர் அல்ல, அதை மட்டும் சொல்கிறேன்.

மாப்பிள்ளையும் பேசினார். உன் தம்பி மகனுடைய பரீட்சை பற்றிக் கேட்டார், இங்கே குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்கிருந்து பேசுகிறார் என்று நானும் கேட்கவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் கேட்டு இப்போதே ஆட்கள் வருகிறார்கள். புரட்டாசி சனிக்கிழமை ஒன்றுக்காவது வருவாய் என்று பார்த்தேன், வரவில்லை. அது போகட்டும்.

டாக்டர் உனக்குத் தூக்க மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் எழுதிக் கொடுத்து, ‘உங்களுக்கு வயது 47தான், மாதவிலக்கும் வருகிறது, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, வேலைப் பளுதான் காரணம்’ என்று அனுப்பிவிட்டாராம். இத்தனை வருடம் வார்டு சிஸ்டராக இருந்தவளின் மகள் அதைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் வந்திருக்கிறாள். ஒரு பிள்ளைக்குப் பாடப்புத்தகம் வரவில்லை என்றால் கல்வித் துறை அலுவலகத்தில் போய் நின்று வாங்கி வருகிறவள் நீ. உன் உடம்பு என்று வந்தால் மட்டும் ‘பரவாயில்லை’ என்று திரும்பிவிடுகிறாய்.

கேள், கண்ணு. தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டது, அதாவது மெனோபாஸ், என்று கணக்கு. ஆனால் தொல்லை அதற்கு நான்கைந்து வருடம் முன்பே, சிலருக்கு இன்னும் முன்பே தொடங்கிவிடும். அந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறைவதில்லை, ஒரு வாரம் ஏறும், மறு வாரம் விழும். அதனால் 45 வயதைத் தாண்டியவளுக்கு ஒரு நாள் எடுத்த ரத்தத்தை வைத்து ‘இது ஹார்மோன் அல்ல’ என்று முடிவு கட்ட முடியாது. இங்கிலாந்தில் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியே அந்த வயதில் நோய்க்குறிகளை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும், எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் ரத்தப் பரிசோதனையை நம்ப வேண்டாம் என்கிறது. தைராய்டையும் ரத்தத்தில் இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல், அது நியாயம். உனக்கு உதிரப்போக்கு அதிகம் என்று தேஷ்னி சொன்னாள். அதற்கு ஸ்கேன் கேள். இதயம் படபடப்பது, தோள்பட்டை இறுகிக் கை தூக்க முடியாமல் போவது, காரணமில்லாமல் அழுகை வருவது, சொல் மறப்பது, இவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரலாம். நீ ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

மனச்சோர்வு மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. திடீரென்று நிறுத்தினால் வேறு தொல்லை வரும். இந்த வயதில் மனச்சோர்வும் கூடவே வருவது உண்டு, அதற்கு அந்த மருந்து தேவைப்படலாம். அது ஒன்றே போதும் என்று விட்டுவிடுவதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூக்க மாத்திரையை மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்காதே. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெட்டியைத் தேஷ்னியிடம் கொடுத்து வை, அவள் பொறுப்பானவள்.

கிளேர்வுட் பெரியம்மாவுக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்தாய். அவளுக்கு 48 வயது. எலுமிச்சம்பழம் சுற்றினார்கள், கோயில் கோயிலாக அழைத்துப் போனார்கள், கடைசியில் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். மாதவிலக்கு எப்படி வருகிறது என்று ஒரு டாக்டர்கூட அவளைக் கேட்டதில்லை. மருத்துவமனையில் வேலை செய்த எங்களுக்கே அதைப் பற்றி யாரும் பாடம் நடத்தவில்லை. மீதியை எழுத மாட்டேன். அவளுடைய கண்ணும் நெற்றியும் உனக்கு. இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

என் கதையும் கொஞ்சம் உனக்குத் தெரியும். எனக்கு ஐம்பதைத் தொட்டபோது ஒரு டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். தூக்கம் திரும்பியது, உன் அப்பாவிடம் எரிந்து விழுவது நின்றது. 2002 ஜூலையில் அமெரிக்காவில் ஹார்மோன் மாத்திரை பற்றி 16,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் என்று எங்கும் ஒரே பேச்சு. இங்கேயும் டாக்டர் என் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதும், கூடுதலாகப் புற்றுநோய் வந்தது ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் எட்டுப் பேருக்கு என்பதும், அதே ஆய்வில் இடுப்பெலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பதும் பல வருடம் கழித்துத்தான் என் காதுக்கு எட்டின. என் மணிக்கட்டு உடைந்த பிறகு. அந்த வருடங்களில் நான் எப்படி இருந்தேன் என்று வீட்டில் இருந்து பார்த்தவள் நீ. உனக்கும் அதே வருடங்களா?

இன்று கணக்கு வேறு. ஹார்மோன் சிகிச்சையை 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கினால் பெரும்பாலான பெண்களுக்குத் தீமையைவிட நன்மைதான் அதிகம் என்கிறார்கள். உடல் கொதிப்புக்கு அதைவிடப் பலன் தரும் மருந்து இல்லை. நம் தென்னாப்பிரிக்க மெனோபாஸ் சங்கமும் 2014இல் இதற்கென்று ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது, டாக்டருக்குத் தெரியாவிட்டால் படித்துக்கொள்ளட்டும். தோலில் ஒட்டும் பட்டையோ ஜெல்லோ கேள். மாத்திரையில் இருக்கும் ரத்த உறைவு ஆபத்து அவற்றில் அப்படி இல்லை. உனக்குக் கருப்பை இருக்கிறது, ஆகவே ஈஸ்ட்ரோஜனைத் தனியாகத் தரக் கூடாது, புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர வேண்டும். அது இல்லாமல் எழுதினால் ஏன் என்று கேள். உன் அத்தைக்கு மார்பகத்தில் வந்ததை மறைக்காமல் சொல். ஹார்மோன் கூடாது என்று சரியான காரணத்தோடு சொன்னால் ஒத்துக்கொள், ஆனால் அங்கேயே எழுந்து வந்துவிடாதே. ஹார்மோன் அல்லாத மருந்துகளும் இருக்கின்றன. அவற்றைக் கேள்.

இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுது. எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை முறை கொதித்தது, உதிரம் எப்படி, மனம் எப்படி. வார்டில் காய்ச்சல் அட்டை எழுதுவதுபோலத் தினமும் எழுது. வாயால் சொன்னால் ‘டென்ஷன்’ என்பார்கள். தேதியோடு எழுதியதை அப்படித் தள்ள முடியாது. வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது உன் உரிமை. என்னென்ன சிகிச்சை இருக்கிறது என்று உனக்கு விளக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டமே சொல்கிறது.

மெடிக்கல் எய்ட், அதுதான் உன் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், இதற்குப் பணம் தராது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். தவறு. 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின்படி எல்லாத் திட்டமும் கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சச் சிகிச்சைகளின் பட்டியலில் மெனோபாஸ் சிகிச்சை இருக்கிறது, ஹார்மோன் மருந்து என்று பெயர் சொல்லியே இருக்கிறது. அவர்களுடைய பட்டியலில் உள்ள மருந்தையோ டாக்டரையோ முதலில் கேட்கச் சொல்லலாம், அவ்வளவுதான். டாக்டர் சீட்டில் சரியான நோய்க் குறியீட்டை, அதாவது N95.1 என்று எழுதுகிறாரா என்று பார். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கு. அதற்கும் மசியாவிட்டால் மருத்துவத் திட்டங்கள் மன்றத்துக்குப் புகார் எழுது, அதற்குக் கட்டணம் இல்லை. புகார் எழுதுவது உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதா?

பள்ளி வேலையை விடப்போகிறாய் என்றும் காதில் விழுந்தது. சிகிச்சை ஒன்று சரியாகத் தொடங்கி மூன்று மாதம் போகட்டும், அதற்குள் ராஜினாமா கடிதம் கொடுக்காதே. விடுப்பு எடு. நம் குடும்பத்தில் துணைத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நீ. எட்டு வயதில் ஐஸ்டெட்ஃபொட் கலைப்போட்டி மேடையில் தேவாரம் பாடியபோது வரி மறந்து, இறங்கிப் போகாமல், முதலிலிருந்து பாடினாய். நடுவர்கள் காத்திருந்தார்கள். ராஜினாமா கடிதம் கொடுக்காதே.

மாப்பிள்ளை நல்லவர். உனக்கு உடம்பில் என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாதே, பணம் கட்டியாயிற்று. சனிக்கிழமை காலை தேஷ்னி பார்க் ஸ்டேஷனுக்கு வந்து என்னை அழைத்துக்கொள்வாள். நீ கார் எடுக்க வேண்டாம். அடுத்த வாரத்துக்குள் பெண்கள் நல மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கி வை. அறைக்குள் நானும் வருகிறேன். பேசுவது நீதான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அதற்கு முன் இரவில் தூக்கம் வராவிட்டால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய். பேச வேண்டும் என்றுகூட இல்லை, லைனில் இரு.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மருந்துச் சீட்டுகள், மெடிக்கல் எய்ட் அனுப்பிய கடிதம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வை. என் மூக்குக் கண்ணாடியைக் கொண்டு வருகிறேன், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.